ஈஸ்டர் தீவு: குழுப் பயணம் இல்லாமல் நாமே சுற்றிப் பார்க்க முடியுமா?

வைகைக்கரை

வணக்கம். வரும் மார்ச் மாதம் நானும் மனைவியும் சிலி நாட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து, மாபெரும் கற்சிலைகளுக்குப் பெயர்போன ஈஸ்டர் தீவுக்கும் போய், ஒரு வாரத்துக்குக் குறையாமல் தங்க எண்ணம்.

எங்களுக்குக் குழுவோடு பயணம் செய்து பழக்கமில்லை. ஹம்பியை வாடகை சைக்கிளில்தான் சுற்றினோம். விட்டலர் கோயில் மண்டபத்தில் ஒரு தூணின் முன்னால் உட்கார்ந்து பகல் முழுக்கப் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே இருபது நிமிடம், அங்கே பத்து நிமிடம் என்று விரட்டும் பயணம் ஒத்துவராது. பழைய பயணக் குறிப்புகளில் பலர் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்துத் தீவு முழுக்கத் தாங்களாகவே சுற்றியதாக எழுதியிருக்கிறார்கள். இப்போது வழிகாட்டி இல்லாமல் தொல்லிடங்களுக்குள் விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா? அப்படியானால் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன மிஞ்சும்? கடற்கரை, சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள். மனைவி சைவம்.

சான்டியாகோவாசி

வேலை நிமித்தம் சிலியில் இருக்கிறேன். தீவுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் தீவை மூடிவைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் திறந்தபோது விதி மாறிவிட்டது. தேசியப் பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியோ, தீவின் பூர்வகுடியான ராப்பா நூயி மக்களில் ஒருவரோ உடன் வரவேண்டும். பழைய குறிப்புகளை நம்பி வாயிற்காவலரிடம் வாதாட வேண்டாம்.

ஆனாலும் மனம் தளராதீர்கள். தீவின் ஊரான ஹங்கா ரோவாவின் விளிம்பிலேயே இருக்கும் தஹாய் என்ற தொல்லிடத்துக்குத் துணை தேவையில்லை. கடலோரமாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை. அங்கே சிலைகளுக்கான மூன்று கல் மேடைகள். ஒன்றில் ஐந்து சிலைகள். தனியாக நிற்கும் இன்னொன்றுக்குத் தலையில் சிவப்புக் கல் கொண்டையும் முகத்தில் வெள்ளைக் கண்களும் வைத்திருக்கிறார்கள். வில்லியம் மல்லாய் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1968 முதல் 1970 வரை சீரமைத்த இடம் அது. அவருடைய அஸ்தியும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. மார்ச்சில் சூரியன் மறைய எட்டு மணி தாண்டிவிடும். தினமும் மாலையில் போய் உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். அங்கிருந்து வடக்கே சற்று நடந்தால் அருங்காட்சியகம். அதைத் தவறவிடக் கூடாது.

ஆவணங்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். 2018இல் வந்த சட்டப்படி முப்பது நாளுக்கு மேல் தங்க முடியாது. திரும்பும் டிக்கெட், பதிவுபெற்ற தங்குமிடத்தின் முன்பதிவு, இணையத்தில் நிரப்பிய நுழைவுப் படிவம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இவற்றை சான்டியாகோ விமான நிலையத்திலேயே சோதிப்பார்கள். விமானம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும்.

தனிவழி

இது பகற்கொள்ளை. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, கடலுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தீவில் இறங்கி, நுழைவுச் சீட்டுக்குக் கனமான தொகை கொடுத்த பிறகும் துணைக்கு ஆள் வைத்துக்கொள் என்றால் என்ன நியாயம்? ஒரு சிலைக்கு முன்னால் தனியாக நின்று பார்ப்பதற்காகத்தான் மனிதர்கள் அவ்வளவு தூரம் போகிறார்கள். சிலைகளைக் காக்க வேண்டும் என்றால் வேலி போடட்டும், காவலர் போடட்டும். பயணியின் தோளில் ஒருவரை ஏற்றிவிடுவது வருமானத்துக்கான வழி. நான் இந்த விதி இருக்கும்வரை போகப் போவதில்லை.

டொராண்டோ அக்கா

தம்பி தனிவழி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தத் தீவில் யார் எங்கே நடக்கலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

1862, 63ஆம் ஆண்டுகளில் பெருவிலிருந்து வந்த கப்பல்கள் ஏறத்தாழ 1500 பேரை அடிமைகளாகப் பிடித்துப் போயின. தப்பித் திரும்பிய சிலர் கூடவே அம்மை நோயைக் கொண்டுவந்தார்கள். 1877இல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர். முழுத் தீவிலும் அவ்வளவுதான். 1888இல் சிலி நாடு தீவை இணைத்துக்கொண்டது. பிறகு நிலமெல்லாம் ஆட்டுப் பண்ணையாகி, வில்லியம்சன்-பால்ஃபோர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 1953 வரை அந்த ஆட்சிதான். மக்களை ஹங்கா ரோவாவுக்குள் சுவருக்குப் பின்னால் அடைத்து வைத்தார்கள். தன் பாட்டன் செதுக்கிய சிலையைப் பார்க்கப் போகவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை. சிலி குடியுரிமை கிடைத்தது 1966இல். பூங்காவின் நிர்வாகம் மாவு ஹெனுவா என்ற பூர்வகுடி அமைப்பிடம் வந்தது 2017இல்.

தங்கள் மண்ணிலேயே சுதந்திரமாக நடக்க முடியாமல் இருந்த மக்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று வாசலில் நின்று, எங்களில் ஒருவரோடு உள்ளே வாருங்கள் என்று கேட்கிறார்கள். இதைக் கொள்ளை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காவல் பற்றியும் சொன்னீர்கள். 2008இல் ஒரு சுற்றுலாப் பயணி அனகேனா கடற்கரையில் சிலையின் காதை உடைத்து எடுத்தார். 2020இல் ஒரு சரக்கு வண்டி மேடை மீதே ஏறிச் சிலையை நொறுக்கியது. 2022 அக்டோபரில், சிலைகளைச் செதுக்கிய ரானோ ரராக்கு மலையைச் சுற்றி நெருப்புப் பரவி நூறு ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. சூட்டில் விரிசல் கண்ட சிலைகளை இனி யாரும் பழையபடி ஆக்க முடியாது. அந்தக் கல் எரிமலைச் சாம்பல் இறுகிய கல். மழையே அதைக் கரைக்கிறது.

தனிவழி

அக்கா, 111 என்ற எண்ணை நான் அறிந்திருக்கவில்லை. கொள்ளை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நிர்வாகம் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை.

ஆனால் என் கேள்வியின் மறுபாதி நிற்கிறது. பதினைந்து சிலைகள் வரிசையாக நிற்கும் தொங்காரிகி மேடைக்கு முன்னால் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால், நான் பார்ப்பது சிலையையா அவர் பேச்சையா? வைகைக்கரை கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சான்டியாகோவாசி

இதற்கு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் வேன் பயணத்தில் சேர வேண்டாம். ஒரு நாளில் ஏழெட்டு இடம் காட்டி இறக்கிவிடுவார்கள். தங்குமிடம் நடத்துபவர்களில் பலர் ராப்பா நூயி குடும்பத்தினர். அவர்களிடமே கேளுங்கள். தம்பியோ மருமகளோ ஒருவர் உங்களோடு வருவார். காரை நீங்கள் ஓட்டலாம், அவர் முன்னிருக்கையில் வருவார். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டே இடம், கதையை முதலில் கேட்டுக்கொள்கிறோம், பிறகு எங்களை எங்கள் பாட்டுக்கு விடுங்கள். நான் அப்படித்தான் ஏற்பாடு செய்துகொண்டேன். உடன் வந்த பெரியவர் மரநிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தெற்குக் கரையில் அக்காஹங்கா என்றோர் இடம். அங்கே ஒரு சிலைகூட நிற்கவில்லை. எல்லாம் குப்புறக் கிடக்கின்றன. முகம் மண்ணில், முதுகு வானத்துக்கு. கொண்டைக் கற்கள் சரிவில் உருண்டு கிடக்கின்றன. வேன்கள் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். நான் சிலைகளை விட்டுவிட்டு, சற்று மேட்டில் தரையோடு பதிந்திருந்த கருங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்த்த படகின் வடிவத்தில் நீளமாகப் போடப்பட்ட வீட்டு அடித்தளம். ஒவ்வொரு கல்லின் மேல்முகத்திலும் வரிசையாகக் குழிகள். கட்டைவிரல் இறங்கும் அகலம். உளியைப் போல இரும்பு எதுவும் இல்லாத மக்கள் கல்லைக் கல்லால் துளைத்திருக்கிறார்கள். அந்தக் குழிகளில் வளைத்த கம்புகளை நட்டு, மேலே புல் வேய்ந்து கூரை போட்டார்கள். குழிக்குள் மழைநீர் தேங்கியிருந்தது. பெரியவர் எழுந்துவந்து, வாசல் இந்தப் பக்கம், உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும் என்று கைகாட்டிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார். தனியாகப் போயிருந்தால் அது வீடு என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. கல்மேல் மிதித்து நடந்திருப்பேன்.

கடலும் கலமும்

நண்பர்களே, முக்கியமான செய்தியை யாருமே தொடவில்லையே! ஈஸ்டர் தீவின் ரொங்கோரொங்கோ எழுத்துகளும் சிந்துவெளி எழுத்துகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்த படம் என்னிடம் இருக்கிறது. நம் முன்னோர்கள் கலமேறி அங்கே போயிருக்கிறார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? தமிழர்கள் அங்கே போவது சுற்றுலா அல்ல, மூதாதையர் மண்ணைத் தேடிய பயணம்.

கல்வெட்டு மாணவி

ஐயா, அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1932இல் பாரிசில் ஹெவெசி என்பவர் இரண்டு எழுத்துகளையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று சுற்றிவரும் படம். தீவில் நேரடியாக ஆய்வு செய்த ஆல்ஃபிரெட் மெத்ரோ 1938இலேயே அந்த வரைபடங்கள் மூலப் பலகைகளுக்கு உண்மையாக இல்லை என்று எடுத்துக்காட்டிவிட்டார்.

காலத்தையும் பாருங்கள். சிந்துவெளி எழுத்து கி.மு. 1900 வாக்கில் வழக்கொழிந்தது. தீவில் மனிதர்கள் குடியேறியது கி.பி. 1200 வாக்கில். இடையே மூவாயிரம் ஆண்டுகள், அத்தனை ஆண்டுகளுக்கும் நடுவில் ஒரு கண்ணியும் இல்லை. ரொங்கோரொங்கோ பொறித்த மரப்பொருள்கள் உலகில் எஞ்சியிருப்பவை இருபத்தைந்தைச் சுற்றித்தான். ஒன்றுகூடத் தீவில் இல்லை. இரண்டு எழுத்துகளையும் இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. படிக்க முடியாத இரண்டை வைத்து உறவு நாட்ட முடியாது.

ராப்பா நூயி மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை தஹி, ருவா, தொரு, ஹா, ரிமா. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் எண்ணச் சொல்லுங்கள், ஏறக்குறைய இதையே சொல்வார்கள். இரு மக்களும் பசிபிக் தீவுகளில் பரவிய பாலினேசியர்கள். விண்மீன்களையும் அலைகளையும் பறவைகளையும் பார்த்தே அந்தப் பெருங்கடலைக் கடந்தவர்கள். அந்தச் சாதனை அவர்களுடையது. அதை நம் கணக்கில் எழுதிக்கொள்வது அவர்களிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்குவதாகும், ஏற்கெனவே போதுமான அளவு பிடுங்கியாகிவிட்டது.

நம் நாட்டோடு ஒரு தொடர்பு வேண்டுமென்றால் இது இருக்கிறது: ஈஸ்டர் தீவுக்கு நேர் எதிராகப் பூமிப் பந்தின் மறுபக்கத்தில் அமைவது ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வட்டாரம். நம்மிடமிருந்து அதைவிடத் தொலைவான ஊருக்குப் பூமியில் போக முடியாது என்றே சொல்லலாம்.

கடலும் கலமும்

மாணவி அம்மா, ஹெவெசி பற்றி நான் அறியவில்லை. தேடிப் பார்க்கிறேன். ஆனால் மரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்து, ஒருவரையொருவர் கொன்று அழிந்துபோன மக்கள் என்றுதானே பள்ளிப் பாடத்தில் படித்தோம்? அதுவும் தவறா?

கல்வெட்டு மாணவி

காடு அழிந்தது உண்மை. தீவில் பெரிய பனை மரங்கள் இருந்தன, மனிதர்கள் வந்தபிறகு மறைந்தன. எலிகள் விதைகளைத் தின்றதும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆனால் மக்கள் தொகை சரிந்து அழிந்தது என்ற கதை நிற்கவில்லை. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த பதினைந்து பேரின் எச்சங்களிலிருந்து மரபணு எடுத்து ஆராய்ந்தவர்கள் 2024இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். 1600களில் அப்படியொரு வீழ்ச்சி நடந்த தடயமே இல்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தென் அமெரிக்க மக்களோடு அவர்களுக்குக் கலப்பு இருந்தது என்பதும் அதில் தெரிந்தது. அந்த மக்களை அழித்தது எது என்பதை டொராண்டோ அக்கா மேலே ஆண்டோடு எழுதிவிட்டார்.

தீவுக்குப் போகிறவர்கள் கற்கள் அடுக்கிய வட்டச் சுவர்களைக் கவனியுங்கள். காற்றுக்கு மறைப்பாகக் கட்டி உள்ளே சேப்பங்கிழங்கும் வாழையும் வளர்த்தார்கள். மரம் போன பிறகும் பசியாற வழி கண்டுபிடித்த மக்கள்.

டொராண்டோ அக்கா

கடற்கரைக்கு வருவோம், வைகைக்கரை தம்பி கேட்டு எவ்வளவு நேரமாகிவிட்டது. தீவின் கரை முழுக்கக் கருத்த எரிமலைப் பாறை. அலை வந்து மோதும் வேகத்தைப் பார்த்தாலே இறங்கத் தோன்றாது. மணல் விரிந்து, நிம்மதியாகக் குளிக்கக்கூடிய கடற்கரை அனகேனா ஒன்றுதான். ஊரிலிருந்து தீவின் நடுவே போகும் தார்ச்சாலையில் வடகரைக்கு இருபது கிலோமீட்டருக்குள். டாக்சி, வாடகைக் கார், சைக்கிள் இவற்றில் ஒன்றில் போகலாம். வாடகைக் காருக்குத் தீவில் விபத்துக் காப்பீடு கிடைக்காது. குதிரைகள் சாலை நடுவில் நிற்கும், இரவில் ஓட்ட வேண்டாம்.

அனகேனாவில்தான் முதல் அரசன் ஹோத்து மத்துவா வந்து இறங்கியதாக ராப்பா நூயி மக்கள் சொல்கிறார்கள். மணலை ஒட்டியே நவ் நவ் மேடை. மணலில் புதைந்து கிடந்ததால் அந்தச் சிலைகளின் மூக்கும் உதடும் காதும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. 1978இல் செர்ஜியோ ராப்பு என்ற தீவுக்காரத் தொல்லியலாளர் அதைச் சீரமைத்தபோது, மணலுக்குள்ளிருந்து வெள்ளைப் பவளத்தில் செய்த ஒரு கண் கிடைத்தது. சிலைகளுக்குக் கண் வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் உறுதியானது. அந்தக் கண் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு அனகேனாவுக்குப் போங்கள். வெறும் குழியாகத் தெரிந்த இடத்தில் பார்வை வந்துவிடும்.

அங்கே நிற்கும் தென்னைகளைப் பார்த்து ஆதிகாலம் முதல் இருப்பவை என்று எண்ண வேண்டாம். 1960களில் தஹித்தியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பக்கத்தில் ஓவாஹே என்ற சிறிய கரை, இளஞ்சிவப்பு மணல், பார்க்க அழகு. ஆனால் மேலே செங்குத்தான பாறை. கல் உருண்டு விழும். எச்சரிக்கைப் பலகை இருக்கும்போது இறங்காதீர்கள்.

சைவச் சாப்பாடு சிரமம்தான், முடியாதது அல்ல. எங்கும் சூரை மீன். சமையலறை உள்ள தங்குமிடமாக எடுங்கள். சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழை, அன்னாசி, கொய்யா தீவிலேயே விளைகின்றன, காலைச் சந்தையில் கிடைக்கும். அரிசி, பருப்பு எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வரவேண்டும், விலை கண்ணைக் கட்டும். சிலி நாட்டு விவசாயச் சோதனை கடுமை என்பதால் ஊரிலிருந்து எடுத்துப் போகும் பருப்பு வகைகளைப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். வாழைப்பழமும் பூசணியும் சேர்த்துச் சுடும் போஎ என்ற பலகாரம் கேட்டு வாங்குங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இப்படித் திட்டமிட்டிருக்கிறோம். முதல் நாள் அருங்காட்சியகம், மாலையில் தஹாய். ராப்பா நூயி குடும்பம் நடத்தும் வீட்டில் தங்கல். அவர்கள் வழியாகவே துணைக்கு ஒருவர். ஒரு நாள் வினாப்பு மேடையும் அக்காஹங்காவும். ஒரு நாள் காலையில் தொங்காரிகி, பிறகு ரானோ ரராக்கு. ஒரு நாள் எரிமலை விளிம்பில் இருக்கும் பழைய சடங்கு ஊரான ஓரொங்கோ. அனகேனாவுக்கு முழு நாள். ரானோ ரராக்குவில் மனம் நிறையாவிட்டால் கடைசி நாள் மறுபடியும் போய்வரலாம் என்று இருக்கிறோம். தனிவழி, நீங்களும் வாருங்களேன்.

சான்டியாகோவாசி

நல்ல திட்டம். ஒரு திருத்தம். நுழைவுச் சீட்டு முதல் நாளிலிருந்து பத்து நாள் செல்லும். ஆனால் ரானோ ரராக்குவுக்கும் ஓரொங்கோவுக்கும் ஒரே ஒரு முறைதான் அனுமதி. மறுபடி போக முடியாது. ஆகவே அந்த இரண்டுக்கும் வேறெதையும் சேர்க்காமல் தனித்தனி நாள் ஒதுக்குங்கள். தொங்காரிகியை வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

ரானோ ரராக்குதான் சிலைகள் பிறந்த மலை. ஏறத்தாழ நானூறு சிலைகள் அங்கேயே தங்கிவிட்டன. சில கழுத்தளவு மண்ணில், சில இன்னும் பாறையோடு ஒட்டியபடி. இருபது மீட்டருக்கு மேல் நீளமான ஒன்று படுத்த நிலையில் முதுகு பிரியாமல் கிடக்கிறது. முகம் முடிந்திருக்கிறது, முதுகுப் பக்கம் இன்னும் மலை. அங்கே உங்களுக்கு ஒரு பகல் போதாது.

தொங்காரிகிக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்: 1960 மே மாதம் சிலியில் வந்த பெரும் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை அந்தச் சிலைகளை உள்நாட்டுக்குள் அடித்துச் சிதறடித்தது. தொல்லியலாளர் கிளாடியோ கிறிஸ்தினோவின் குழு 1990களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று தந்த கிரேனால் அவற்றை மீண்டும் நிறுத்தியது. மேடைகளின் மேல் இன்று நிற்கும் சிலைகள் எல்லாமே இருபதாம் நூற்றாண்டில் திரும்ப நிறுத்தப்பட்டவை.

தனிவழி

வைகைக்கரை, அழைப்புக்கு நன்றி. மார்ச்சில் விடுப்பு கிடைக்காது. அந்தக் குடும்பத்தினர் வீட்டில் உங்களுக்கு எப்படி இருந்தது, துணைக்கு வந்தவர் எவ்வளவு நேரம் உங்களை உங்கள் போக்கில் விட்டார் என்று இதே இழையில் விரிவாக எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கிறேன்.

டொராண்டோ அக்கா

இன்னும் ஒன்று. தீவின் கடிகாரத்தைப் பெருநிலத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பின்னால் வைத்திருக்கிறார்கள். அதனால் மார்ச்சில் பொழுது விடியவே எட்டு மணிக்கு மேல் ஆகும். அலாரம் வைத்து ஐந்து மணிக்கு எழுந்து இருட்டில் காத்திருக்க வேண்டாம். ஊரைத் தாண்டினால் கடையும் அரிது, நிழலும் அரிது. தண்ணீர், தொப்பி, மழைக்கு ஒரு மேலுறை மூன்றையும் தினமும் பையில் வையுங்கள். சிலை நிற்கும் மேடையின் கல்லில் கால் வைக்கக் கூடாது. அதன் அடியில் அவர்களுடைய முன்னோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.